முப்பது முறை ஏறிய மலை

மாவு 400 பவுண்டு, உப்பிட்ட பன்றி இறைச்சி 150 பவுண்டு, அவரை விதை 125 பவுண்டு, உலர்ந்த பழங்கள் 75 பவுண்டு, உலர்த்திய உருளைக்கிழங்கு 25 பவுண்டு, சர்க்கரை 25 பவுண்டு, உப்பு 15 பவுண்டு, காப்பித்தூளும் தேயிலையும் பத்துப் பத்துப் பவுண்டு என்று தொடங்குகிறது அந்தப் பட்டியல். தொடர்ந்து நான்கு பேருக்கு ஓர் இரும்பு அடுப்பு, மண்ணை அரித்துப் பார்க்க ஆளுக்கொரு தட்டு, வாளிகள், வாணலி, பிக்காசு இரண்டு, மண்வாரி, மரத்தைப் பலகையாக அறுக்கும் பெரிய ரம்பம், படகின் இடுக்குகளை அடைக்கக் கீல், 200 அடிக் கயிறு, நான்கு அளவுகளில் ஆணிகள், கூடாரம், ஆளுக்கு 5 கஜம் கொசுவலைத் துணி என்று அது நீண்டுகொண்டே போகிறது. தங்கம் தேடப் போகிறவனுடைய பட்டியலில் தங்கம் அரிக்கும் தட்டு அடுப்புக்கும் வாளிக்கும் நடுவே, மற்றொரு சமையல் பாத்திரம் போலவே இடம்பெற்றிருப்பதைப் பார்த்தபோது நான் படிப்பதை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் யோசித்தேன்.

1897ஆம் ஆண்டில் வட அமெரிக்காவின் ரயில் நிறுவனங்களும் கடைக்காரர்களும் அச்சிட்டுப் பரப்பிய இத்தகைய பட்டியல்கள், கனடாவின் யூகான் பகுதியில் உள்ள கிளாண்டைக் ஆற்றை நோக்கிப் புறப்பட்ட ஒரு தனி மனிதனுக்கு ஓராண்டுக்கு என்னென்ன வேண்டும் என்பதைக் கணக்கிட்டுச் சொன்னவை. உணவு மட்டும் ஆயிரம் பவுண்டைத் தாண்டும். கருவிகளையும் துணிமணிகளையும் சேர்த்தால் மொத்தச் சுமை ஏறக்குறைய ஒரு டன். இந்த ஒரு டன்னையும் கடற்கரையிலிருந்து மலைக்கு அப்பாலுள்ள ஏரிவரை, வண்டி செல்லும் சாலை எதுவும் இல்லாத நிலத்தின் வழியே, பெரும்பாலானவர்கள் தங்கள் முதுகிலேயே சுமந்தார்கள்.

நான் வாழும் வான்கூவர் நகரத்திலிருந்து அந்தக் கடற்கரைக்குப் போய்ச் சேர்வது இன்று கடினமன்று. 2017 ஆகஸ்டில், அலாஸ்காவின் டையீ என்ற இடத்தில் தொடங்கி மலையைக் கடந்து கனடாவின் பென்னெட் ஏரியில் முடியும் 53 கிலோமீட்டர் சில்கூட் பாதையை நான்கு நாட்களில் நடந்து முடித்தேன். என் முதுகில் இருந்தது 16 கிலோ. அதைச் சுமந்து அந்த மலையை ஒரே ஒரு முறை ஏறினேன். அன்றுமுதல் அந்த மனிதர்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். கிளாண்டைக் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் பேராசையின் கதையாகவே அது முடிக்கப்படுவது எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் பட்ட துன்பத்தின் வேர் காலக்கணக்கில் இருக்கிறது. தங்கம் கிடைத்ததற்கும் அந்தச் செய்தி வெளியுலகை எட்டியதற்கும் இடையே கிட்டத்தட்ட ஓராண்டு கடந்துவிட்டது. அந்த ஓராண்டுக்குள் தங்கம் இருந்த நிலத்தின் பங்கீடு ஏறக்குறைய முடிந்துவிட்டது.

1896 ஆகஸ்டு 16ஆம் நாள், கிளாண்டைக் ஆற்றில் கலக்கும் ராபிட் கிரீக் என்ற சிற்றோடையில் தங்கம் அகப்பட்டது. அங்கே இருந்தவர்கள் ஜார்ஜ் கார்மாக் என்ற அமெரிக்கரும், அவருடைய மனைவியின் உறவினர்களான டாகிஷ் பழங்குடியினரும். வெள்ளையர்களால் ஸ்கூக்கும் ஜிம் என்று அழைக்கப்பட்ட கெய்ஷும் டாசன் சார்லியும் அவர்களுள் அடங்குவர். யார் கண்ணில் முதலில் பட்டது என்பதில் பின்னாளில் இருவேறு கூற்றுகள் எழுந்தன. ஆனால் கண்டுபிடித்தவர் என்ற உரிமை கார்மாக்கின் பெயரிலேயே பதிவாயிற்று. ஓடைக்குப் பொனான்சா என்று புதுப்பெயர் சூட்டப்பட்டது. யூகான் பள்ளத்தாக்கில் ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் அலைந்துகொண்டிருந்த பழைய தேடுநர்கள் செய்தி கேட்டவுடன் ஓடிவந்து, நான்கு மூலைகளிலும் முளையடித்துத் தங்கள் துண்டு நிலத்தைப் பதிவு செய்துகொண்டார்கள். ஆகஸ்டு மாதம் முடிவதற்குள் பொனான்சா முழுவதும் முளைகள் நடப்பட்டுவிட்டன. அதனினும் வளமான எல்டொராடோ என்ற கிளையோடையும் விரைவில் அவ்வாறே ஆயிற்று.

இந்த இடத்தில் ஆற்றின் பெயரைப் பற்றிச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனமில்லை. கிளாண்டைக் என்பது ட்ரொண்டெக் என்ற சொல்லை வந்தவர்கள் தங்கள் நாவுக்கு ஏற்றவாறு மாற்றிக்கொண்ட வடிவம். சால்மன் மீனைத் தடுத்துப் பிடிப்பதற்காக ஆற்றுப்படுகையில் முளைகளை அடித்து இறக்கும் சுத்தியல் கல்லை அந்தச் சொல் குறிக்கிறது. தலைமுறை தலைமுறையாக மீனுக்காக முளையடித்து வாழ்ந்த ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்கள், ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த தங்கள் மீன்பிடி ஊரைத் தங்கத்துக்காக முளையடிக்க வந்த கூட்டத்திடம் இழந்தார்கள். தலைவர் ஐசக் தம் மக்களை ஐந்து கிலோமீட்டர் கீழே இருந்த மூஸ்ஹைடு என்ற இடத்துக்கு அழைத்துச் சென்றார். தங்கள் பாட்டும் ஆட்டமும் இந்த வெள்ளத்தில் அழிந்துவிடக் கூடாது என்று அஞ்சி, அலாஸ்காவில் இருந்த உறவினர்களிடம் அவற்றைக் காக்கும் பொறுப்பை அவர் ஒப்படைத்தார். தேடுநர்களின் துன்பத்தை எழுதும்போது இந்தத் துன்பத்தையும் உடன் வைத்துத்தான் எழுத வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

ஆறு உறைந்து வழி அடைபட்டதால் அந்தக் குளிர்காலம் முழுவதும் செய்தி உள்ளேயே தங்கிவிட்டது. 1897 ஜூலை நடுவில் எக்ஸெல்சியர் என்ற கப்பல் சான் பிரான்சிஸ்கோவையும், ஜூலை 17ஆம் நாள் போர்ட்லண்ட் என்ற கப்பல் சியாட்டிலையும் வந்தடைந்தன. பெட்டியிலும் போர்வையிலும் கட்டிய தங்கத்தோடு சுரங்கக்காரர்கள் இறங்கிய காட்சியைக் கண்டவர்கள், ஒரு டன்னுக்கும் மேற்பட்ட தங்கம் வந்திறங்கியதாகச் செய்தித்தாளில் படித்தார்கள். 1893இல் தொடங்கிய பொருளாதார முடக்கத்தில் வங்கிகள் மூடப்பட்டு, ஆலைகள் நின்று, நான்கு ஆண்டுகளாக வேலையில்லாமல் இருந்த நாடு அது. சியாட்டில் நகரத்தின் மேயர் தம் பதவியைத் தந்தி மூலம் துறந்துவிட்டுக் கிளாண்டைக்குக்குப் புறப்பட்டார் என்றால், வேலையே இல்லாதவர்கள் புறப்பட்டதில் என்ன வியப்பு இருக்கிறது? ஏறக்குறைய 1,00,000 பேர் கிளம்பினார்கள் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பீடு. எழுத்தர்கள், ஆசிரியர்கள், கடைச் சிப்பந்திகள், விவசாயிகள் எனப் பெரும்பாலானோர் சுரங்கத்தைக் கண்ணாலும் பார்த்திராதவர்கள். வீட்டை அடகு வைத்தும் கடன் வாங்கியும் பட்டியலில் இருந்த பொருள்களை வாங்கிக் கட்டிக்கொண்டு அவர்கள் கப்பல் ஏறிய நாளில், அவர்கள் மனத்தில் இருந்த ஓடைகளில் ஓர் அடி நிலம்கூட மீதமில்லை.

வடக்கே போய்ச் சேர்ந்தவர்களுக்கு முன் முக்கியமாக இரண்டு கணவாய்கள் இருந்தன. ஸ்காக்வே துறைமுகத்திலிருந்து செல்லும் வெள்ளைக் கணவாய் சற்றுத் தாழ்வானது. ஆகவே அங்கே குதிரைகளைக் கொண்டுபோகலாம் என்று நம்பினார்கள். தென்துறைமுகங்களில் வண்டி இழுத்து ஓய்ந்த, கசாப்புக்குப் போகவேண்டிய கிழட்டுக் குதிரைகளெல்லாம் நல்ல விலைக்கு விற்கப்பட்டுக் கப்பலில் ஏற்றப்பட்டன. குதிரையின் முதுகில் சுமையை எப்படிச் சமன்செய்து கட்டுவது என்பது தெரியாதவர்களின் கையில் அவை சிக்கின. கூர்மையான பாறைகளுக்கு இடையிலும் வயிறுவரை புதையும் சேற்றிலும் கால் முறிந்து விழுந்தவை விழுந்த இடத்திலேயே விடப்பட்டன. பின்னால் வந்தவை அவற்றின் மீது மிதித்து நடந்தன. அந்த ஒரு பாதையில் ஏறக்குறைய 3,000 குதிரைகள் மாண்டன. செத்த குதிரைப் பாதை என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. வாயற்ற அந்த உயிர்கள் எந்தப் பங்கையும் எதிர்பார்த்து வரவில்லை.

மற்றொன்றுதான் சில்கூட். டையீயிலிருந்து முதல் இருபது கிலோமீட்டர் டையா ஆற்றின் கரையோரம் அடர்ந்த மழைக்காட்டின் வழியே செல்கிறது. இது புதிதாக வெட்டப்பட்ட பாதையன்று. உள்நாட்டுப் பழங்குடிகளோடு மீனெண்ணெயும் தோலும் பண்டமாற்றுச் செய்வதற்காக டிலிங்கிட் மக்கள் நெடுங்காலமாகத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருந்த வாணிக வழி. தேடுநர்கள் வந்தபோது அவர்கள் சுமைகூலிகளாகவும் ஆனார்கள். நூறு பவுண்டு மூட்டையை நெற்றிப்பட்டையில் தாங்கி ஏறிய அவர்களுடைய கூலி, கூட்டம் பெருகப் பெருகப் பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று உயர்ந்துகொண்டே போனது. ஸ்கேல்ஸ் என்று இன்றும் வழங்கும் மலையடிவாரத்து இடம், சுமையை மீண்டும் எடைபோட்டுக் கூலியை உயர்த்திப் பேசிய இடம் என்பதால் அந்தப் பெயரைப் பெற்றது. கூலி கொடுக்கப் பணமிருந்தவர்கள் சிலரே. மற்றவர்களுக்குத் தங்கள் முதுகுதான் இருந்தது.

ஸ்கேல்ஸிலிருந்து உச்சிவரை உள்ள கடைசிச் செங்குத்து, உயரத்தில் ஏறக்குறைய 300 மீட்டர். கோடையில் நான் ஏறியபோது அது ஆளுயரப் பாறைகள் தாறுமாறாகக் குவிந்த சரிவாக இருந்தது; கையையும் காலையும் ஊன்றித்தான் ஏற முடிந்தது. குளிர்காலத்தில் பனி அந்தப் பாறைகளை மூடிவிட, அதில் ஏறக்குறைய 1,500 படிகளை வெட்டி, வெட்டியவர்கள் அதற்கும் சுங்கம் வாங்கினார்கள். 1897–98 குளிர்காலத்தில் 20,000க்கும் மேற்பட்டோர் அந்தப் படிகளில் ஏறினார்கள். ஒருவர் பின் ஒருவராக, முன்னவரின் காலடி நகர்ந்தால்தான் பின்னவர் காலெடுக்க முடியும் என்ற நெருக்கத்தில், பொழுது விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அந்த வரிசை நகர்ந்துகொண்டேயிருந்தது. நம் ஊர்ச் சாலையோரங்களில் சுமையை இறக்கி வைக்க நட்டிருந்த சுமைதாங்கிக் கற்களைப் போல, படிகளின் ஓரத்திலும் இளைப்பாறச் சிறு இடங்கள் வெட்டப்பட்டிருந்தன. ஆனால் மூச்சு வாங்குகிறதே என்று ஒதுங்கியவன் மறுபடியும் வரிசைக்குள் நுழைய நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் வியர்வையில் நனைந்த உடுப்பு உடம்போடு சேர்ந்து உறையத் தொடங்கும்.

ஒரு முறை ஏறியதோடு இது முடிந்திருந்தால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு டன் சுமையை, ஒரு நடைக்கு 60 அல்லது 70 பவுண்டு வீதம் ஏற்றினால், ஏறக்குறைய முப்பது முறை ஏற வேண்டும். உடல் வலுக் குறைந்தவனுக்கு நாற்பது முறை. பலருக்கு ஒரு நாளில் ஒரு நடைக்குமேல் இயலவில்லை. உச்சியில் மூட்டையை வைத்து, பனியில் புதைந்துபோனாலும் கண்டுபிடிப்பதற்காக அதனருகே ஒரு கழியை நட்டுவிட்டு, சரிவில் உட்கார்ந்தபடியே வழுக்கிக் கீழே வந்து, மறுநாள் மீண்டும் அதே வரிசையில் நிற்க வேண்டும். சமதளத்தில் சறுக்குவண்டி உதவியது என்றாலும், ஒவ்வொரு கட்டத்திலும் சுமையைக் கொஞ்சம் கொண்டுபோய் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்து மீதியை எடுத்துச் செல்வதுதான் முறை. முழுவதையும் முதுகிலேயே முப்பது நடையாகக் கொண்டுசென்ற ஒருவன், 53 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க, போகவும் வரவுமாக 3,000 கிலோமீட்டருக்கும் மேல் நடந்திருப்பான். நான் உச்சியில் என் பையை இறக்கி வைத்தபோது முழங்கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. இப்போது இறங்கிப்போய் இன்னும் இருபத்தொன்பது முறை ஏற வேண்டும் என்று எனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அந்த எண்ணம் என் உடம்புக்குள் இறங்க மறுத்துவிட்டது.

ஓராண்டு உணவு இல்லாதவர்களை உள்ளே விடுவதில்லை என்பது உச்சியில் காவலிருந்த கனடாவின் வடமேற்குக் குதிரைப்படைக் காவலர்கள் 1898 தொடக்கத்தில் கடைப்பிடித்த விதி. ஏறி வந்தவனின் பொருள்களை அவர்கள் எடைபோட்டு, சுங்கமும் வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். முதலில் இதைப் படித்தபோது அந்த விதியின் மீது எனக்குக் கடுங்கோபம் வந்தது. பிறகு அதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்ததைப் பற்றிப் படித்தேன். 1897 இலையுதிர் காலத்தில் யூகான் ஆற்றில் நீர் வற்றியதால் போதிய உணவோடு நீராவிப் படகுகள், தங்க ஓடைகளுக்கு அருகே எழுந்திருந்த டாசன் நகரத்தை எட்டவில்லை. எல்லாருக்கும் போதிய உணவு இல்லை, ஆறு உறைவதற்குள் கீழே போய்விடுங்கள் என்று காவல் அதிகாரி சார்லஸ் கான்ஸ்டன்டைன் செப்டம்பர் இறுதியில் அறிவிப்பு ஒட்ட வேண்டியதாயிற்று. பையில் தங்கம் இருந்தும் மாவு வாங்க இயலாத நிலை அது. ஆகவே அந்த விதி பல்லாயிரம் பேரைப் பட்டினியிலிருந்து காத்தது என்பதை இப்போது ஏற்றுக்கொள்கிறேன். அவர்களுடைய முதுகை முறித்ததும் அதே விதிதான்.

1898 ஏப்ரல் 3, குருத்து ஞாயிறு. அதற்கு முந்தைய நாட்களில் பனி கடுமையாகப் பொழிந்திருந்தது; பின்னர் வெப்பக் காற்று வீசத் தொடங்கியது. மலையின் குணமறிந்த டிலிங்கிட் சுமைகூலிகள், பனி சரியும் என்று எச்சரித்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்கள். காத்திருக்கப் பொறுமையில்லாதவர்களும், காத்திருந்தால் கையிருப்பு உணவு கரையுமே என்று அஞ்சியவர்களும் மேலேயே இருந்தார்கள். காலையில் சிறு சரிவுகள் ஏற்பட்டதும், ஸ்கேல்ஸில் இருந்தவர்கள் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாகக் கீழே இறங்கத் தொடங்கினார்கள். நடுப்பகல் வாக்கில் பெரும் பனிச்சரிவு அவர்கள்மீதே இறங்கியது. 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பனிக்கு அடியிலிருந்து குரல்கள் கேட்டதாகவும், தோண்டிக்கொண்டே இருந்தபோது அவை ஒவ்வொன்றாக ஓய்ந்துபோனதாகவும் மீட்கச் சென்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இரண்டொரு நாட்களில் வரிசை மீண்டும் படிகளில் ஏறத் தொடங்கியது.

டையீயில் காட்டுக்குள்ளே அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மரப்பலகைகளில் வெவ்வேறு பெயர்கள், வெவ்வேறு ஊர்கள். பலகைக்குப் பலகை ஒரே தேதி. நடையைத் தொடங்குவதற்கு முன் அங்கே சென்றேன். அந்தத் தேதியை நான்காவது, ஐந்தாவது முறையாகப் படித்தபோது அழுகை வந்துவிட்டது.

இந்தக் கணவாய்களைத் தவிர்க்க எண்ணியவர்கள் இன்னும் மோசமான வழிகளில் சிக்கினார்கள். கிளாண்டைக்குக்குப் பின்வாசல் தங்கள் ஊரில்தான் இருக்கிறது என்று எட்மன்டன் நகர வணிகர்கள் செய்த விளம்பரத்தை நம்பிக் காட்டுவழியாகவும் மெக்கன்சி ஆற்று வழியாகவும் ஏறக்குறைய ஈராயிரம் பேர் புறப்பட்டார்கள். பாதியளவினர்கூடப் போய்ச் சேரவில்லை. சேர்ந்தவர்களில் பலர் 1899இல்தான், ஆட்டமெல்லாம் ஓய்ந்தபிறகு, டாசனை எட்டினார்கள். ராட் ஆற்றங்கரையில் பெரிய படகுகளை உடைத்துச் சிறியனவாக்கிய இடத்துக்கு டிஸ்ட்ரக்ஷன் சிட்டி, அதாவது அழிவு நகரம், என்று அவர்களே பெயரிட்டுக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். அலாஸ்காவின் வால்டீஸ் பனியாற்றின்மீது ஏறியவர்கள் பனியின் ஒளியால் கண் குருடாகி, வெடிப்புகளில் விழுந்து, சத்துக்குறைவால் வரும் ஸ்கர்வி நோயால் நலிந்தார்கள். மறு ஆண்டு அங்கே சென்ற அமெரிக்க ராணுவ அதிகாரி ஆபர்கிராம்பி, எஞ்சியவர்களில் பலர் பனியாற்றுப் பூதம் ஒன்று ஆட்களைக் கொல்வதாகச் சொல்லக் கேட்டார்.

சில்கூட்டைக் கடந்தவர்களுக்கு அப்பால் இறங்கியவுடன் வழி எளிதாகிவிடவில்லை. லிண்டமன், பென்னெட் ஏரிகளின் கரையில் கூடாரமடித்து, பனி உருகும்வரை காத்திருந்து, அதற்குள் ஒரு படகையும் கட்டி முடிக்க வேண்டும். ஊரைவிட்டுக் கிளம்பும்வரை கடலையே பார்த்திராத எழுத்தர் ஒருவர் மரத்தை வெட்டிப் பலகையாக அறுத்துப் படகு செய்ய வேண்டும் என்றால் எப்படி இருந்திருக்கும்? உயர்ந்த சாரத்தின்மேல் மரத்தைக் கிடத்தி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று, நீண்ட ரம்பத்தை மேலும் கீழும் இழுப்பார்கள். கீழே நிற்பவர் கண்ணில் மரத்தூள் கொட்டிக்கொண்டேயிருக்கும். தான் மட்டுமே இழுப்பதாகவும் மற்றவர் தொங்கிக்கொண்டிருப்பதாகவும் இருவருக்குமே தோன்றும். கணவாயில் பிரியாத நட்புகள் இந்த ரம்பத்தின் இரு முனைகளில் முறிந்தன. பிரிந்தவர்கள் கட்டிய படகையும் வாணலியையும்கூட இரண்டாகப் பிளந்துகொண்ட கதைகள் உண்டு. மலையில் ஒவ்வொருவரும் தத்தம் சுமையைத் தாமே சுமந்தார்கள். இங்கேதான் முதன்முறையாக ஒருவர் உழைப்பை இன்னொருவர் நம்ப வேண்டியிருந்தது. ஏற்கெனவே ஓய்ந்துபோன உடம்புகளுக்கு அது தாங்கவில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

1898 மே 29ஆம் நாள் ஏரியில் பனி உடைந்தது. டாசன்வரை ஏறக்குறைய 800 கிலோமீட்டர் நீர்வழியில், காவலர்களின் கணக்குப்படி 7,000க்கும் மேற்பட்ட படகுகள் புறப்பட்டன. சில நாட்களிலேயே மைல்ஸ் பள்ளத்தாக்கின் குறுகலிலும் வெண்குதிரை நீர்ச்சுழல்களிலும் 150 படகுகள் சிதறி, ஐந்து பேர் மூழ்கி இறந்தார்கள். காவல் அதிகாரி சாம் ஸ்டீல் அங்கே வந்து, பெண்களும் குழந்தைகளும் கரையோரமாக நடந்தே வர வேண்டும், தேர்ந்த படகோட்டிகளே படகைச் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டு, மீறினால் நூறு டாலர் அபராதம் என்றார். முப்பது முறை மலையேறிச் சேர்த்த மாவும் இறைச்சியும் சில நிமிடங்களில் ஆற்றோடு போனதைக் கரையில் நின்று பார்த்தவர்களின் நிலையை என்னால் எழுத இயலவில்லை.

ஜூன் மாதத்தில் டாசன் கரையில் படகுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நெருக்கமாகக் கட்டப்பட்டன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சதுப்புநிலமாக இருந்த இடத்தில் பல்லாயிரம் பேர் நின்றார்கள். கழிவுநீர் வழியில்லாத சேற்று நகரத்தில் அந்தக் கோடையில் டைபாய்டு பரவியது. வில்லியம் ஜட்ஜ் என்ற ஏசு சபைப் பாதிரியார் எழுப்பிய மரக் கட்டட மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கட்டில் போதாமல் நடைவழிகளிலும் படுக்க வைத்தார்கள். அவரும் மறு ஆண்டு ஜனவரியில் நிமோனியாவால் இறந்துபோனார். குளிர்காலத்தில் ஸ்கர்வி வந்தது. உலர்ந்த பழமும் உப்பிட்ட இறைச்சியும் மாவும் வயிற்றை நிரப்பினவே தவிர, அந்த நோயைத் தடுக்கும் சத்து அவற்றில் இல்லை. ஈறு வீங்கிப் பல் ஆடி, கால்கள் கறுத்து, மனிதர்கள் தங்கள் குடிசைகளிலேயே முடங்கினார்கள். ஸ்ப்ரூஸ் மரத்தின் ஊசியிலைகளைக் கொதிக்க வைத்துக் குடித்தால் தீரும் என்பதை அந்த நிலத்தின் மக்கள் அறிந்திருந்தார்கள்.

தங்கம் எடுக்கும் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளாண்டைக்கில் தங்கம் ஓடையின் மேல்மணலில் பெரிதாக இல்லை. பல அடி ஆழத்தில், ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண்ணுக்கு அடியில், பாறைத்தளத்தின்மேல் வண்டலோடு கலந்து கிடந்தது. பிக்காசு அந்த மண்ணில் இறங்காது. இரவெல்லாம் விறகெரித்தால் காலையில் ஏறக்குறைய ஓரடி ஆழம் இளகியிருக்கும். அதைத் தோண்டி, கையால் சுற்றும் ராட்டினத்தில் வாளியைக் கட்டி மேலே இழுத்துக் கொட்டிவிட்டு, மறுபடியும் தீ மூட்ட வேண்டும். பாறையை எட்டிய பிறகு அங்கிருந்து பக்கவாட்டில் குடைய வேண்டும். புகையும் கெட்ட காற்றும் நிறைந்த அந்தக் குழிக்குள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் குளிர்காலம் முழுவதும் கழியும். மேலே குவித்த மண்ணும் மீண்டும் உறைந்துவிடும். வசந்தத்தில் ஓடை உருகி, மரவாய்க்காலில் நீரைப் பாய்ச்சி அந்த மண்ணைக் கழுவும்போதுதான் ஆறு மாத உழைப்பின் முழுமதிப்பு என்ன என்பது தெரியும். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கை அரசு எடுத்துக்கொண்டது.

அதற்கும் ஒரு துண்டு நிலம் வேண்டுமே. 1898இல் வந்து சேர்ந்தவர்களிடம் அது இல்லை. பழையவர்கள் ஓடைப்படுகையை மட்டுமே மதித்திருந்ததால், அவர்கள் ஏளனம் செய்த மலைச்சரிவுகளில் தோண்டிப் பார்த்த புதியவர்கள் சிலருக்குப் பழைய ஆற்றுப்படுகையின் தங்கம் கிடைத்தது உண்மைதான். அந்தக் குன்றுகளுள் ஒன்றுக்குப் புதியவனைக் குறிக்கும் சீச்சாக்கோ என்ற சொல்லே பெயராயிற்று. பெரும்பாலானவர்களுக்கு வாய்த்தது அடுத்தவன் குழியில் கூலி வேலை. ஆட்கள் பெருகியதால் அந்தக் கூலியும் இறங்கியது. புறப்பட்ட 1,00,000 பேரில் டாசனைச் சேர்ந்தவர்கள் 30,000 முதல் 40,000 பேர். ஏதோ சிறிதளவு தங்கமாவது கண்டவர்கள் ஏறக்குறைய 4,000 பேர் என்கிறார்கள். செல்வந்தரானவர்கள் சில நூறு பேர் மட்டுமே. 1899 கோடையில் அலாஸ்காவின் நோம் கடற்கரை மணலில் தங்கம் என்ற செய்தி வந்ததும், ஒரே வாரத்தில் 8,000 பேர் டாசனை விட்டுக் கிளம்பினார்கள்.

பென்னெட் ஏரிக்கு நான் வந்து சேர்வதற்கு முன், உச்சிக்கு அருகில் மடக்கிக் கட்டிய கித்தான் படகுகளின் குவியல் ஒன்று பாறைகளுக்கிடையே கிடப்பதைப் பார்த்தேன். யாரோ அவ்வளவு தூரம் அதைச் சுமந்து வந்து அங்கே விட்டுவிட்டார்கள். பாதை நெடுகிலும் துருப்பிடித்த அடுப்புகளும் கம்பிவடங்களும் காலணி அட்டைகளும் கிடக்கின்றன; அவற்றில் எதையும் எடுக்கவோ இடம் மாற்றவோ கூடாது என்பது சட்டம். அவற்றைச் சுமந்தவர்கள் மலையிலேயே தோற்றவர்கள் என்று அதுவரை எண்ணியிருந்தேன். மலையை வென்று, ஏரியைக் கடந்து, சுழல்களில் பிழைத்து, டாசன் வரை எல்லாவற்றையும் கொண்டுசேர்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பிறகுதான் படித்தேன். 1898 கோடையில் அவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் டாசனின் ஆற்றங்கரைத் தெருவில் சில வாரங்கள் மேலும் கீழும் நடந்தார்கள். நகரத்துக்கு அப்பால் இருந்த ஓடைகளைப் போய்ப் பார்க்கக்கூடப் பலருக்கு மனம் வரவில்லை. பிறகு படகருகே கூடாரத் துணியை விரித்து, மாவையும் இறைச்சியையும் அவரை விதையையும் பிக்காசையும் அதன்மேல் பரப்பிவைத்து, கேட்ட விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் ஊர் திரும்பும் நீராவிப் படகுக்குச் சீட்டு வாங்கினார்கள். அடுப்புக்கும் வாளிக்கும் நடுவே, ஒரு முறைகூட ஓடைநீரில் நனையாத அந்தத் தட்டும் விற்பனைக்கு இருந்தது.